வளவுக்கு 16 தூண்: மைன்கிராஃப்ட்டில் மரம் வளர்த்து வெட்டும் வழி

எங்கள் பட்டறை காரைக்குடியில், முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இடிபடும் பெரிய வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்குத் தூண், நிலை, உத்திரம் எல்லாம் வாங்கி, ஆணி பிடுங்கி, இழைத்து, கேட்கிறவர் அளவுக்கு மாற்றிக் கொடுக்கிறோம். அப்பா இன்னமும் உளி பிடிக்கிறார். நான் பகலெல்லாம் மரத்தோடு கிடந்துவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மறுபடியும் மரம் வெட்டப் போய்விடுவேன். அது மைன்கிராஃப்ட்டில். எல்லாம் கட்டை கட்டையாக இருக்கிற, வெட்டியும் அடுக்கியும் ஆடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு.

போன கோடை விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து வந்த அக்கா மகன்தான் பில் போடும் கம்ப்யூட்டரில் இதை ஏற்றிக் கொடுத்தான். "மாமா, நம்ம ஊரு வீடு ஒண்ணு கட்டுவோம். கல்லு, ஓடு, தரை எல்லாம் நான் பாத்துக்கறேன். மரம் உங்க பொறுப்பு" என்றான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பில் புத்தகத்தின் பின்பக்கம் கோடு போட்டான். வளவில் முற்றத்தைச் சுற்றி 16 தூண், ஒவ்வொன்றும் 6 கட்டை உயரம். அதுவே 96 தடி (மரத்தை வெட்டினால் கிடைக்கும் ஒரு கட்டைக்கு ஒரு தடி என்று கணக்கு). மேலே மாடித் தரைக்குப் பலகை, கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் சேர்த்தால் 300 தடிக்குக் குறையாது. முதல் வாரம் முடிந்தபோது என் பெட்டியில் இருந்தது 40. சுற்றுவட்டாரத்தில் ஒரு நல்ல மரமும் மிச்சமில்லை.

தொழிலே மரம் என்று இருக்கிறவனுக்கு இது அவமானம்தானே! எங்கே தப்பு நடந்தது என்று தேடித் தேடிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஆடுவது கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பு, சர்வைவல் முறை, அதாவது சாமான் எல்லாம் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். போனில் ஆடும் பெட்ராக் பதிப்பிலும் வழி இதேதான், சில எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

அந்தரத்தில் நின்ற மரம்

முதல் மரத்தை வெறுங்கையால்தான் உடைக்க வேண்டும். ஒரு தடிக்கு 3 விநாடி, மவுஸை அழுத்திப் பிடித்தபடி இருக்கணும். நான் அடித்தடி ரெண்டை உடைத்துவிட்டு, மரம் சாயும் என்று பயந்து நாலடி பின்னால் வந்து நின்றேன். பழக்கதோஷம். மரம் அசையவில்லை. அடியில் ஒன்றும் இல்லாமல் மேல்பாகம் அப்படியே நின்றது.

பின்னால் நின்ற அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏண்டா, அடிய வெட்டிட்ட, மரம் அந்தரத்துல நிக்குது? எந்த ஊரு மரம்டா இது?"

இந்த விளையாட்டில் மரம் சாயாது. மண்ணுக்கும் கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லாவிட்டாலும் போட்ட இடத்தில் நிற்கும். அதனால் புதிதாக ஆடுகிறவர்கள் எட்டுகிற மூணு தடியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். என் 40 தடிக் கதைக்கு முழுக் காரணமும் அதுதான்.

ஏனென்றால் கன்று இலையிலிருந்துதான் வருகிறது. இலைக்கட்டை உதிர வேண்டுமென்றால் பக்கத்தில் தடி இருக்கக் கூடாது. ஜாவாவில் ஆறு கட்டை தூரத்துக்குள் இலை வழியாகவே எட்டுகிற ஒரே ஒரு தடி இருந்தாலும் அந்த இலைகள் உதிராது. உச்சியில் ஒரு தடியை விட்டுவிட்டுப் போனால் அந்தப் பந்தல் வருஷக்கணக்கில் அப்படியே தொங்கும். ஒரு கன்றுகூடக் கீழே விழாது. கடைசித் தடியையும் எடுத்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் இலைகள் ஒவ்வொன்றாகத் தானே காணாமல் போகும், நடுநடுவே கன்று, குச்சி, சில சமயம் ஆப்பிள் விழும்.

நம்ம ஊர் சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையே மறுபடி துளிர்த்து, அடுத்த மழைக்கு ஆளுயரம் நிற்கும். அந்தப் பழக்கத்தில் இங்கே இருக்கக் கூடாது. இங்கே வெட்டிய மரம் துளிர்க்காது. கீழே விழுந்த கன்றும் தானாக மண்ணில் பிடிக்காது, எடுக்காமல் விட்டால் 5 நிமிஷத்தில் மறைந்துவிடும். நீங்கள் எடுத்து, நீங்கள் நட்டால்தான் உண்டு.

ஆகவே வெட்டும் முறை இது. ஓக், பிர்ச் மாதிரிச் சாதாரண மரமாக இருந்தால் அடித்தடி ரெண்டை உடைத்துவிட்டு அந்த இடத்துக்குள்ளேயே நுழைந்து நில்லுங்கள். தலையை நிமிர்த்தி நேர் மேலே பார்த்து வரிசையாக வெட்டுங்கள். உங்கள் கை 4.5 கட்டை தூரம் எட்டும். ஓக் சாதாரணமாக 4 முதல் 6 தடி, பிர்ச் 5 முதல் 7 தடி. ரெண்டையும் நின்ற இடத்திலிருந்தே முழுசாக எடுத்துவிடலாம். ஏணி வேண்டாம், மண்ணை அடுக்கி ஏறவும் வேண்டாம். முடிந்ததும் காலடியில் ஒரு கன்றை நட்டுவிட்டு வெளியே வாருங்கள். வெட்டுவதும் நடுவதும் ஒரே வேலை என்று கைக்குப் பழகிவிடணும்.

கன்று எத்தனைக்கு ஒன்று

ஓக், பிர்ச், ஸ்ப்ரூஸ், அக்கேசியா, டார்க் ஓக் எல்லாவற்றிலும் 20 இலைக்கு ஒரு கன்று என்பது சராசரி. ஒரு சாதாரண ஓக்கில் ஐம்பது அறுபது இலை இருக்கும், ஆக ரெண்டு மூணு கன்று தேறும். ஜங்கிள் மரம் மட்டும் கஞ்சப் பிரபு, 40 இலைக்கு ஒன்று. ஆப்பிள் ஓக்கிலும் டார்க் ஓக்கிலும் மட்டுமே கிடைக்கும், அதுவும் 200-க்கு ஒன்று. முதல் ராத்திரி பசிக்கு ஆப்பிளை நம்பி மரத்தடியில் நிற்காதீர்கள்.

இலையைக் கையாலும் உடைக்கலாம், அதற்கும் அதே சராசரிதான். அவசரமென்றால் மண்வெட்டி (விளையாட்டில் 'ஹோ') எடுங்கள். கோடாலியை விட மண்வெட்டிதான் இலைக்கு வேகம், இது எனக்கு வெகுநாள் தெரியாது. பின்னால் ஃபார்ச்சூன் 3 மந்திரம் போட்ட மண்வெட்டி கிடைத்தால் 20-க்கு ஒன்று என்பது 10-க்கு ஒன்றாகும். தானாக உதிரும் இலைக்கு அந்தப் பலன் கிடையாது, நீங்கள் அடித்து உடைக்கிற இலைக்குத்தான். கத்தரி மட்டும் எடுக்காதீர்கள். கத்தரியால் வெட்டினால் இலைக்கட்டையே முழுசாகக் கைக்கு வரும், கன்று வராது. வேலி கட்ட, தோட்டம் அலங்கரிக்க இலை வேண்டும் என்றால் அப்போது கத்தரி.

கோடாலி

கல் கோடாலி போதும். மரக் கோடாலியில் ஒரு தடிக்கு 1.5 விநாடி, கல்லில் முக்கால் விநாடி, இரும்பில் அரை, வைரத்தில் 0.4. கல்லிலிருந்து இரும்புக்குப் போவதில் கிடைப்பது கால் விநாடிதான். ஆரம்பத்தில் கிடைக்கும் இரும்பை வாளிக்கும் கவசத்துக்கும் வையுங்கள். கல் கோடாலி 131 தடவை உழைக்கும். ஒரு ஸ்டாக் என்பது 64, ஆக ஒரு கல் கோடாலி ரெண்டு ஸ்டாக் தடிக்குச் சரியாக வரும். நான் காட்டுக்குப் போகும்போது எண்ணிக் கோடாலி எடுத்துப் போவேன்: நாலு ஸ்டாக் வேண்டுமென்றால் ரெண்டு கோடாலி.

ஒன்றைக் கவனியுங்கள். தடியை நட்டு வைத்துக் கோடாலியால் வலது கிளிக் செய்தால் பட்டை உரிந்து வழுவழுப்பாகும். தூணுக்கு அதுதான் அழகு. ஆனால் பட்டை உரிப்பதற்கும் ஒரு தேய்மானம் உண்டு. 96 தடிக்குப் பட்டை உரிக்க ஒரு கோடாலி தனியாக வேண்டும் என்பதை எஸ்டிமேட்டில் விட்டுவிட்டேன்.

பட்டை உரித்த ஸ்ப்ரூஸைப் பார்த்த அப்பா முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது பரவால்ல. எண்ணெய் போட்ட பழைய தேக்கு மாதிரி இருக்கு" என்றார். டார்க் ஓக்கை "புகை பிடிச்ச அடுப்படி உத்திரம்" என்று தள்ளிவிட்டார். அதனால் எங்கள் வளவுத் தூண் எல்லாம் ஸ்ப்ரூஸ்.

தோப்பு வைப்பது

இடம் தேடி அலைய வேண்டாம். மண் அல்லது புல் தரை, மேலே வெட்டவெளி, வீட்டுக்குப் பக்கம், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இது எனக்கு ஜீரணமாகவே நாளாச்சு. எங்கள் பக்கம் செம்மண்ணில் ஒரு தென்னம்பிள்ளை வைத்துவிட்டு ஊருணி வற்றினால் குடம் சுமந்த ஆள் நான். இங்கே கன்றைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டேன். மருமகன் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, போனை எடுத்துப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டான்.

கன்றுக்கு வேண்டியது வெளிச்சம். கன்றுக்கு நேர் மேலே இருக்கும் கட்டையில் வெளிச்சம் குறைந்தது 9 இருக்கணும். பகலில் வெட்டவெளியில் அது 15 இருக்கும், பிரச்சினை இல்லை. ராத்திரி நிலா வெளிச்சம் போதாது, கன்று சும்மா நிற்கும். நடுநடுவே தீப்பந்தம் நட்டால் ராத்திரியும் வளரும். தீப்பந்தத்தின் வெளிச்சம் 14, ஒவ்வொரு கட்டை தள்ளத் தள்ள ஒன்று குறையும், அதனால் நாலு கட்டைக்கு ஒன்று நட்டால் போதும். இன்னொரு லாபம், பந்தம் உள்ள இடத்தில் ராத்திரி க்ரீப்பர் என்கிற வெடிக்கும் பூதமும் எலும்புக்கூடும் முளைக்காது. தோப்புக்கு நடுவே க்ரீப்பர் வெடித்தால் கன்றோடு மண்ணும் போய்க் குழி விழும்.

நான் வைத்த முதல் ஒழுங்கான தோப்பு: நாலு வரிசை, வரிசைக்கு அஞ்சு, ஆக 20 பிர்ச். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூணு கட்டை இடைவெளி. இன்னும் நெருக்கி வைத்தாலும் வளரும், ஆனால் இலை பின்னிக்கொண்டு உள்ளே நடக்க முடியாது. வேகத்துக்கு பிர்ச்தான் என் சிபாரிசு. ஓக்கில் பத்துக்கு ஒன்று கிளை விரித்துப் பெருமரமாக வந்துவிடும். அதன் கிளைத்தடி ஒவ்வொன்றையும் தேடிப் பிடிப்பது தலைவலி, ஒன்றை விட்டாலும் மேலே சொன்ன கதைதான், இலை உதிராது. பிர்ச் ஒருநாளும் கிளை விடாது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெட்டு. 20 மரத்துக்கு 120 தடி சுமாராக வரும், ரெண்டு ஸ்டாக்குக்குக் கொஞ்சம் கம்மி. நிறம் வெளுப்பு, தூணுக்கு ஆகாது. ஆனால் ஏணி, பெட்டி, குச்சி, அடுப்புக்குக் கரி, இதற்கெல்லாம் நிறம் எதற்கு?

வளர எவ்வளவு நேரம் ஆகும்? கன்று ரெண்டு கட்டமாக வளரும். ஒவ்வொரு கட்டமும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் சராசரி 16 நிமிஷம் வருகிறது. விளையாட்டின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிஷம், ஆக ஒரு நாளைக்கு ஒரு வெட்டு. சில கன்று 5 நிமிஷத்தில் எழும்பும், சில அடம் பிடிக்கும்.

அவசரத்துக்கு எலும்புத்தூள். எலும்புக்கூட்டை அடித்தால் எலும்பு விழும், ஒரு எலும்புக்கு மூணு தூள். கன்றின் மேல் ஒரு தூள் போட்டால் ஒரு கட்டம் நகர 45 சதவீதம் வாய்ப்பு. ரெண்டு கட்டத்துக்குச் சராசரியாக நாலஞ்சு தூள் செலவாகும். எலும்பு தேடிப் போக விருப்பமில்லையென்றால் காம்போஸ்டர் என்கிற உரத்தொட்டி ஒன்று செய்து தோப்போரம் வையுங்கள். மிஞ்சிய கன்று, கத்தரித்த இலை எல்லாவற்றையும் அதில் போடுங்கள். இருபது சொச்சம் போட்டால் ஒரு தூள் கிடைக்கும். கட்டுப்படியாகாத வியாபாரம்தான், ஆனால் பெட்டி நிறையக் கன்று சேர்ந்துவிட்டால் வேறு என்ன செய்வது?

பிர்ச், ஓக், செர்ரி கன்றுக்கு ரெண்டு கட்டைக்குள் ஒரு பூச்செடி இருந்தால், வளரும்போது 20-க்கு ஒன்றில் தேன்கூடு வரும். நான் ஒரு வரிசையில் பூ வைத்தேன். வந்தது ஒரு கூடு. கவனிக்காமல் கோடாலியைப் போட்டு அன்றைக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலு கன்று, ஒரு மரம்

இனி பெரிய மரம். டார்க் ஓக் கன்று ஒன்றே ஒன்று கிடைத்தது. நட்டேன், பந்தம் வைத்தேன், மூணு ராத்திரி காத்தேன், இருந்த தூள் எல்லாம் போட்டேன். ஒன்றும் அசையவில்லை. மருமகன் சாவகாசமாக, "மாமா, அது ஒத்தையா வளராது. நாலு கன்று சதுரமா வைக்கணும்" என்றான். மூணு நாள் கழித்துச் சொல்கிறான்.

டார்க் ஓக்கும், 2024 டிசம்பரில் வந்த பேல் ஓக்கும் சதுரமாக நாலு கன்று ஒட்டி வைத்தால்தான் வளரும். நாலும் ஒரே இனம், ஒரே மட்டம். ஸ்ப்ரூஸும் ஜங்கிளும் ஒற்றையாகவும் வளரும், நாலாக வைத்தால் ராட்சச மரமாகும். டார்க் ஓக் ஒரு மரத்தில் 24 தடிக்குக் குறையாது. நாலு வைத்த ஸ்ப்ரூஸ் சின்னதாக வந்தாலே 50-ஐ ஒட்டி வரும், நல்ல நாளில் நூறைத் தாண்டும். 16 தூணுக்கு வேண்டிய 96 தடியும் எனக்கு ரெண்டே மரத்தில் கிடைத்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த முதல் வாரம் மிச்சம்.

ராட்சச ஸ்ப்ரூஸை எப்படி ஏறி வெட்டுவது என்பதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், இங்கேதான் ஆட்கள் விழுந்து சாகிறார்கள். அடிமரம் ரெண்டுக்கு ரெண்டு, அதாவது நாலு மூலை. மரத்துக்குள்ளேயே ஒரு சுழல்படி வெட்டிக்கொண்டு மேலே போக வேண்டும்.

முதல் மூலையில் தரையிலிருந்து மூணு தடியை வெட்டி உள்ளே நில்லுங்கள். அடுத்த மூலையில் கீழ்த்தடி ஒன்றை விட்டு, அதற்கு மேல் மூணை வெட்டுங்கள். விட்ட தடி உங்களுக்குப் படி, குதித்து ஏறுங்கள். மூன்றாவது மூலையில் கீழே ரெண்டை விட்டு மேல் மூணு. நாலாவதில் மூணை விட்டு மேல் மூணு. இப்போது மறுபடி முதல் மூலை. அங்கே நீங்கள் வெட்டிய மூணுக்கு மேலே நாலாவது தடி தயாராகப் படியாக நிற்கும். அதற்கு மேல் மூணை வெட்டி ஏறுங்கள். இப்படியே உச்சி வரை. எப்போதும் தலைக்கு மேல் மரம், காலுக்குக் கீழ் மரம், பக்கத்தில் மரம். விழ இடமே இல்லை.

உச்சியில் ஒரு நிமிஷம் நின்று ஊரைப் பாருங்கள். பிறகு ஒரு படி கீழே இறங்கி, திரும்பி, இப்போது விட்டுவந்த படியை வெட்டுங்கள். இன்னொரு படி இறங்கி, அதற்கு முந்தியதை வெட்டுங்கள். தரைக்கு வந்து, அடியில் மிஞ்சும் மூணு தடியையும் எடுத்துவிட்டால் மரத்தில் ஒரு தடி பாக்கி இருக்காது, இலை எல்லாம் உதிர ஆரம்பித்திருக்கும். ஏறும்போது முக்கால்வாசி, இறங்கும்போது கால்வாசி. இந்த வித்தையை அப்பாவுக்குக் காட்டினேன். மச்சுப்படி வைக்கிற கணக்கு அவருக்கு அத்துபடி. "சரிதான், படிக்குப் படி ஒரு கட்டை ஏத்தம், திருப்பத்துக்குத் திருப்பம் நாலு" என்று உடனே பிடித்துக்கொண்டார். உடனே அடுத்த கேள்வி: "இத எத்தன நாள் காய வைக்கணும்?"

காய வைக்க வேண்டியதில்லை. அறுக்கக் கூலி இல்லை, கழிவும் இல்லை. ஒரு தடிக்கு 4 பலகை, ரெண்டு பலகைக்கு 4 குச்சி. தேய்பிறை பார்த்து வெட்டினால்தான் பூச்சி விழாது என்று அப்பா சொல்வார். விளையாட்டிலும் நிலா வளர்கிறது, தேய்கிறது. அதற்கும் சதுப்பில் துள்ளும் ஸ்லைம் என்கிற பச்சைச் சவ்வுக் கட்டிகளுக்கும்தான் சம்பந்தம், மரத்துக்கு இல்லை.

ராட்சச ஸ்ப்ரூஸ் எழும்பும்போது சுற்றியுள்ள புல்லெல்லாம் போட்ஸால் என்கிற பழுப்பு மண்ணாக மாறிவிடும். எங்கள் முற்றத்தில் ஆசைக்கு நாலு கன்று வைத்தோம். மருமகன் ஆத்தங்குடித் தரைக்காகப் பூப்போட்ட டெரகோட்டாவைச் சுற்றிலும் பதித்து வைத்திருந்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, மரம் கல்லை உடைக்காது. ஆனால் முற்றத்துப் புல் முழுக்கப் பழுப்பு, மாடி ஜன்னல் வழியாக ஹாலுக்குள் பாதி இலை. பெரிய மரத்தைக் கட்டிடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

மற்ற மரங்கள்

விளையாட்டைச் செய்தவர்கள் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமில் இருக்கிறார்கள். பனை, வேம்பு, புளி எதுவும் கிடையாது. பனை இல்லாத ஊரில் எப்படி வாழ்வது என்று தோன்றும், பழகிவிடும். கண்ணுக்குக் கொஞ்சம் பழக்கமானது அக்கேசியா. தட்டையான குடை, கோணல் தண்டு. தெற்கே பொட்டல் காட்டில் நிற்கும் குடைவேல மரம் மாதிரியே. தண்டு வளைந்து வளைந்து போவதால் தூணுக்கு லாயக்கில்லை, வெட்டவும் எரிச்சல்.

மாங்குரோவ் 2022-ல் வந்தது. நம்ம பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு மாதிரி வேரெல்லாம் வெளியே. இலையின் அடியில் காய் தொங்கும், அதை எடுத்து நடணும். தண்ணீருக்குள்ளேயும் வளரும். சிவந்த பலகை, கதவுக்கு நன்றாக இருக்கிறது. செர்ரி 2023-ல் வந்தது, இளஞ்சிவப்புப் பலகை, மலைப்பக்கம் தேடணும். அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு பூஜை அறைக் கதவு அதில்தான் வேண்டும் என்றாள். பேல் ஓக் காட்டுக்கு ராத்திரியில் போகாதீர்கள். அங்கே மரமே நடந்து வந்து அடிக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நிற்கும், திரும்பினால் நகரும். மருமகன் அன்றைக்குப் பின்னோக்கியே நடந்து வீடு வந்து சேர்ந்தான்.

அடுப்பும் நெருப்பும்

தடியை அப்படியே அடுப்பில் எரிப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒரு தடி எரிந்தால் ஒன்றரைப் பொருள் வேகும். ஆச்சரியம், ஒரு பலகை எரிந்தாலும் அதே ஒன்றரைதான். தடியை நாலு பலகையாக்கி எரித்தால் 6 பொருள் வேகும். அதைவிட நல்லது கரி. அடுப்பின் மேலே தடி, கீழே பலகை வைத்து மூட்டினால் தடி கரியாகும். ஒரு கரி 8 பொருளை வேக வைக்கும், தீப்பந்தமும் செய்யலாம். நிலக்கரி தேடிச் சுரங்கத்துக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே முதல் நாள் வெளிச்சத்துக்கு இது போதும்.

மர வீட்டில் நெருப்பு பரவும். அடுப்பும் கேம்ப்ஃபயரும் பரவாது. எரிமலைக் குழம்பும் திறந்த நெருப்பும் பரவும். எங்கள் இரண்டாம் கட்டில் அழகுக்கு என்று ஒரு வாளிக் குழம்பை ஊற்றி வைத்தோம், மாடித் தரையில் பாதி போனது. 150 பலகை. இப்போது அடுப்படி மட்டும் கிரிம்சன் பலகையில் கட்டியிருக்கிறோம். அது நெதர் என்கிற நெருப்பு உலகத்தில் விளையும் ராட்சசக் காளான். அதன் காளானை அதற்கே உரிய நைலியம் மண்ணில் வைத்து எலும்புத்தூள் போட்டால்தான் எழும்பும், தானாக வளராது. அந்தப் பலகையில் நெருப்புப் பிடிக்காது. அடுப்பில் விறகாகவும் எரியாது.

தோப்பை விட்டுப் போனால்

கன்று வைத்துவிட்டு வெகுதூரம் போய்விட்டால் திரும்பி வரும்போது அப்படியேதான் நிற்கும். உங்களைச் சுற்றி ஓரளவு தூரத்துக்குள் உள்ளதுதான் வளரும். ஆகவே தோப்பு வீட்டோரம், சுரங்கத்தின் வாயும் அதே பக்கம் இருக்கட்டும். நீங்கள் கீழே கல் உடைக்கும் நேரத்தில் மேலே மரம் எழும்பும். தனியாக ஆடும்போது எஸ்கேப் அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் விளையாட்டு உறைந்து நிற்கும், ஒன்றும் வளராது. அதற்குப் பதிலாகச் சாமான் பெட்டித் திரையைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், உள்ளே நேரம் ஓடும். நாலு பக்கமும் சுவர் வைத்த இடத்தில் நின்றுகொண்டு செய்யுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

வளர்வதை நிறுத்தவும் வழி இருக்கிறது. கன்றின் தலைக்கு நேர் மேலே ஒரு கண்ணாடிக் கட்டை வைத்தால் போதும், வெளிச்சம் படும், ஆனால் எழும்ப இடம் இல்லாமல் கன்று அப்படியே காத்திருக்கும். இதை நான் கற்றுக்கொண்டது போன மாதம். விடுமுறை முடிந்து மருமகன் திருச்சிக்குப் போய்விட்டான். முகப்புக்கு முன்னால் ரெண்டு பக்கமும் ராட்சச ஸ்ப்ரூஸ் வேண்டும் என்று எட்டுக் கன்று நட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினான். மறுநாளே போன்: "மாமா, அரைப்பரீட்சை லீவுக்கு வருவேன். நான் இல்லாதப்ப வளர விட்றாதீங்க." எட்டுக்கும் மேலே கண்ணாடி வைத்திருக்கிறேன். நான் அந்தப் பக்கமாக நடந்துதான் தினமும் பிர்ச் வெட்டப் போகிறேன்.